எழுதப்படாத நாணயம்: சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரின் முதல் கடன் அட்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில் கொலுசுப் பட்டறை நடத்தும் முப்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர், 2024 ஜூலை இரண்டாம் வாரத்தில், வருமான வரி அறிக்கை தாக்கல் செய்வது குறித்து விசாரிப்பதற்காக ஐந்து ரோடு அருகே உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். பேச்சு முடிந்து எழும்போதுதான் கைப்பேசியை எடுத்து மூன்று குறுஞ்செய்திகளைக் காட்டினார். மே மாதக் கடைசியிலிருந்து ஐந்து வாரங்களுக்குள் மூன்று வங்கிகளில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தார், மூன்றும் நிராகரிக்கப்பட்டிருந்தன. “நான் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை சார், அப்புறம் ஏன்?” என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் தொடங்கி, ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு நான் உடனிருந்து பார்த்தவற்றை அவருடைய ஒப்புதலுடன் இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய பெயரும் தொடர்புடைய நிறுவனங்களின் பெயர்களும் விலக்கப்பட்டுள்ளன.

அட்டை அவருக்கு ஆடம்பரத்துக்காகத் தேவைப்படவில்லை. சொந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி, கீழ்த்தளம் முழுவதையும் பட்டறைக்கு விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றில் விசாரித்தபோது, “உங்களுக்குச் சிபிலே (கடன் மதிப்பெண்ணே) இல்லை, முதலில் ஒரு கார்டாவது வாங்கி ஓட்டிவிட்டு வாருங்கள்” என்று அங்கிருந்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, வணிக வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முகவரிடம் ஒன்று, கைப்பேசிச் செயலியில் ஒன்று, வங்கிக் கிளையில் ஒன்று என்று அடுத்தடுத்து விண்ணப்பித்துவிட்டார்.

வந்தபோது இருந்த நிலை

அவருடைய தொழிலை அறியாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. சேலத்தின் கொலுசுத் தொழிலில் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் சொந்த வெள்ளியில் வேலை செய்வதில்லை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), எத்தனை கிராம் என்று இருவருடைய சிட்டையிலும், அதாவது கணக்கு நோட்டிலும், ஒரு வரி எழுதப்படும். பட்டறைக்காரர் கம்பி இழுத்து, வளையம் வெட்டி, பற்றவைத்து, மெருகு போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது சேதாரம் கழித்துக் கூலி கணக்கிடப்படும். இவரிடம் மூன்று வியாபாரிகளின் வெள்ளி எந்த நேரத்திலும் நான்கு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். கிலோ 90,000 ரூபாயைத் தாண்டியிருந்த அந்த ஜூன் மாதத்தில், பத்திரமோ ஜாமீனோ இல்லாமல், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்புள்ள பொருளை ஒரு நோட்டுப் புத்தக வரியின் பேரில் அவரிடம் நம்பிக் கொடுத்திருந்தார்கள். அதே மாதத்தில்தான் இருபதாயிரம் ரூபாய் வரம்புள்ள ஓர் அட்டையை அவருக்குத் தர மூன்று வங்கிகள் மறுத்தன.

கடன் வாங்காத மனிதரும் அல்லர். பத்து ஆண்டுகளாக மனைவியின் சங்கிலியும் தாயாரின் வளையல்களும் பக்கத்துத் தெரு அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தன. ஆடியில் வேலை குறையும்போது வைப்பார்; தீபாவளிக்கு முந்தைய ஆர்டர்களில் கூலி வந்ததும் வட்டியைக் கட்டித் திருப்புவார். ஒரு நகை கூட மூழ்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு இரண்டைத் தவணை தவறாமல் கட்டி முடித்திருந்தார். அடகுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருந்தார் என்பதை, அவற்றை என் மேசையில் கொட்டியபோதுதான் பார்த்தேன். கடன் ஒழுக்கத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வங்கியின் கணினிக்குத் தெரியாது.

அறிக்கையில் இருந்ததும் இல்லாததும்

இந்தியாவில் கடன் தகவல்களைத் திரட்டி வைக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில் முதலில் வந்ததால், நம் ஊர்ப் பேச்சில் ‘சிபில்’ என்பதே மதிப்பெண்ணுக்குப் பெயராகிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகளும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும், கொடுத்த கடன் எவ்வளவு, தவணை எந்த நாளில் வந்தது, எத்தனை நாள் தாமதம் என்பவற்றை இவற்றுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவிலிருந்து, ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்பதைக் காட்டும், 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் கணக்கிடப்படுகிறது; கூடினால் நல்லது. அடகுக் கடைக்காரரும் சீட்டு நடத்துபவரும் வெள்ளி வியாபாரியும் இந்த வலைக்கு வெளியே நிற்பவர்கள். ஆகவே அவர்களிடம் காட்டிய நாணயம் எங்கும் எழுதப்படுவதில்லை.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜூலை முடிவதற்குள் இரண்டு அறிக்கைகளை அவருடைய கைப்பேசியிலேயே எடுத்தோம். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் என்.எச். என்ற எழுத்துகள் இருந்தன. வரலாறு இல்லை என்பது அதன் பொருள். வங்கி ஊழியர்கள் இதையே ‘மைனஸ் ஒன்’ என்பார்கள். மைனஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. கெட்ட பெயர் என்பது வேறு, பெயரே பதிவாகாதது வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. கணக்குகள் பகுதி வெறுமையாக இருக்க, விசாரணைகள் பகுதியில் மட்டும் மூன்று வரிகள் இருந்தன: ஐந்து வாரத்தில் அவர் தட்டிய மூன்று கதவுகள். ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண்ணுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் கடன் விண்ணப்பத்தின் பேரில் வங்கி எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. கணக்கு ஒன்றும் இல்லாமல் விசாரணை மட்டும் மூன்று இருக்கும் அறிக்கையைக் காணும் நான்காவது வங்கி, பணத்துக்கு அலைகிறவர் என்றே அவரை மதிப்பிடும். அவர் அறியாமல் செய்த பிழை இது ஒன்றுதான். நான்காவது விண்ணப்பத்தை அப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொன்னேன்.

நிராகரித்த மூன்று வங்கிகளும் குறுஞ்செய்தியில் “எங்கள் உள் கொள்கைப்படி” என்று மட்டுமே சொல்லியிருந்தன. கடன் அட்டைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட முதன்மை வழிகாட்டுதல், விண்ணப்பத்தை நிராகரிக்கும் நிறுவனம் குறிப்பான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மின்னஞ்சலில் கேட்டோம். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, போதிய கடன் தகவல் இல்லை. மற்றொன்று, வருமானச் சான்று இல்லை. இரண்டாவது பதிலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் அதுதான் முக்கியமாக ஆயிற்று.

இதே காலத்தில் என்னிடம் வந்த இன்னோர் ஆளின் நிலையை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக் குடும்பத்தில் பிறந்து, சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கும் கடன் வரலாறு ஏதும் இல்லை. ஆனால் ஒன்றரை ஆண்டுகளாக மாதந்தோறும் முதல் தேதியில் 24,000 ரூபாய் சம்பளம் விழும் கணக்கு இருந்த வங்கி, அவர் கேட்பதற்கு முன்பே அட்டையை முன்வந்து தந்தது. வரலாறு இல்லாத இடத்தில் சம்பளப் பதிவை வங்கி சாட்சியாக ஏற்கிறது. கையில் காசாக வாங்கிய கூலிக்கு அந்தச் சாட்சியம் இல்லை. பட்டறைக்காரரும் ஏறத்தாழ அந்தப் பெண்ணின் அளவுக்குச் சம்பாதிக்கிறார் என்பது இங்கே எடுபடவில்லை.

தன் பணத்தையே பிணையாக வைத்து

முன்னால் இருந்த வழிகள் சில. மனைவி பெயரில் அட்டை வாங்கி, இவரைக் கூடுதல் அட்டைதாரராகச் சேர்ப்பது ஒன்று; அதில் பொறுப்பும் பதிவும் முதன்மை அட்டைதாரர் பெயரிலேயே நிற்பதால் இவருக்குப் பயனில்லை. தவணையில் கைப்பேசி வாங்குவது மற்றொன்று. அது பதிவாகும் என்றாலும் பத்து மாதத்தில் முடிந்துபோகும், தேவையற்ற பொருளும் வீட்டுக்கு வரும். மூன்றாவது, அடகுக் கடையில் வைக்கும் நகையை வங்கியில் வைப்பது. உண்மையைச் சொன்னால், பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தச் சங்கிலி வங்கிக்குப் போயிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது. வங்கி நகைக்கடன் ஒவ்வொன்றும் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகிறது, வட்டியும் குறைவு. ஏன் போகவில்லை என்று கேட்டேன். அடகுக் கடை இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும், பத்து நிமிடத்தில் பணம் கைக்கு வரும், வெள்ளியையும் எடுத்துக்கொள்வார்கள் என்றார். மூன்றும் நியாயமான காரணங்கள். வெள்ளி நகைகளின் பேரிலும் கடன் தருவதை முறைப்படுத்தி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருப்பது செவ்வாய்ப்பேட்டைக்கு முக்கியமான செய்தி. ஆனால் அது ஆபரணங்களுக்கு; கட்டி வெள்ளிக்கு அல்ல.

இறுதியில் தேர்ந்தது, வைப்புத் தொகையின் பேரில் தரப்படும் அட்டை. வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் மேல் வங்கி தனக்கு உரிமை குறித்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை வரம்பாக வைத்து அட்டை தருகிறது. வருமானச் சான்றும் மதிப்பெண்ணும் தேவையில்லை. பான், ஆதார், முகவரி போதும். வைப்புக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அட்டை உயிருடன் இருக்கும் வரை வைப்பை முறிக்க முடியாது.

பணம் ஏற்பாடாவதற்கு ஆடி முடிய வேண்டியிருந்தது. குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை முடிந்து பட்டறைகள் மறுபடி சூடு பிடித்த பிறகு, ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில், தம் சேமிப்புக் கணக்கு ஒன்பது ஆண்டுகளாக இருக்கும் கிளைக்கு 30,000 ரூபாயுடன் போனார். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று முகப்பில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வங்கியின் இணையதளத்தில் திட்டத்தின் விவரம் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, மறுநாள் மேலாளரைப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதில் வஞ்சகம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெரிதாக வருமானம் தராத ஒரு திட்டத்தைக் கிளைகளில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் 24,000 ரூபாய் வரம்புடன், அதாவது வைப்பில் எண்பது சதவீதத்துக்கு, ஆண்டுக் கட்டணம் இல்லாத ரூபே அட்டை வந்தது. ரூபே என்பது தற்செயலாக அமைந்த நன்மை. 2022 செப்டம்பர் முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யில் இணைக்க முடிகிறது. லீ பஜார் மளிகைக் கடைகளில் அட்டையைத் தேய்க்கும் கருவி எல்லோரிடமும் இல்லை, ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். குறியீடு எல்லோரிடமும் உண்டு. தனி மனிதர்களுக்கு அப்படிப் பணம் அனுப்ப முடியாது; கடைக்குக் கொடுக்கலாம். வீட்டுச் சாமான், எரிவாயு, மின் கட்டணம் மூன்றையும் மட்டும் அட்டைக்கு மாற்றினோம். ஏற்கெனவே கையில் இருக்கும் காசுக்குச் செய்யும் செலவையே அட்டை வழியாகச் செய்வது, புதிதாக எதையும் வாங்காமல் இருப்பது என்பது எங்களுக்குள் பேசிவைத்த விதி.

வட்டியின் அளவை அவருக்குப் புரியவைப்பது எளிதாக இருந்தது; அடகுக் கடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மாத வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். “நூற்றுக்கு மூன்றரை வட்டி, அதன் மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி.” என்றேன். “இது நம்ம கடையைவிட மோசமாக இருக்கிறதே சார்” என்றார். சரியாகவே சொன்னார். மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஆனால் குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு அந்த வட்டி பூச்சியம். கட்டாமல் ‘குறைந்தபட்சத் தொகை’ என்ற வரியில் உள்ளதை மட்டும் கட்டுகிறவருக்குத்தான் முழு வட்டியும். 20,000 ரூபாய் பில்லில் 1,000 மட்டும் கட்டினால் மீதி 19,000-க்கு ஒரு மாத வட்டி 665, வரி 120, ஆக 785 ரூபாய். அடுத்த மாதம் கட்டும் ஆயிரத்தில் 785 இதற்கே போய்விடும். அசலில் குறைவது 215. மேலும், நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால் சலுகை நாள் என்பதே கிடையாது. இந்த மூன்றையும் அவர் தம் சிட்டையிலேயே, வெள்ளிக் கணக்குக்கு எதிர்ப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் உடைக்க வேண்டியிருந்தது. “நம்ம பணம்தான் அங்கே இருக்கிறதே, கட்டாவிட்டால் அதில் எடுத்துக்கொள்வார்கள்” என்று அவருடைய மைத்துனர் சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொள்வார்கள்தான். ஆனால் எடுப்பதற்கு முன் எத்தனை நாள் தாமதம் என்பது பதிவாகும். எந்தப் பெயரை உண்டாக்குவதற்காக 30,000 ரூபாயை முடக்கினோமோ அந்தப் பெயர் முதல் பக்கத்திலேயே கெடும்.

தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை

அட்டையின் பில் மாதந்தோறும் 15-ஆம் தேதி உருவாகி, அடுத்த மாதம் 4-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று வங்கி வைத்திருந்தது. சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருக்குக் கூலி காசாக வருகிறது; கணக்கில் எப்போதும் ஆயிரம் இரண்டாயிரம்தான் இருக்கும்; தானியங்கிப் பிடித்தம் திரும்பினால் அதற்கு ஓர் அபராதம் வேறு. இந்த முடிவு சரியா என்று இப்போதும் எனக்கு முழு நிச்சயம் இல்லை, ஏனென்றால் இரண்டாவது பில்லிலேயே சறுக்கினார்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. வியாபாரிகள் மாதக் கணக்கை ஒன்றாம் தேதிக்கு மேல் பார்த்துப் பத்தாம் தேதிக்குள் தீர்ப்பது வழக்கம். தீபாவளியை ஒட்டிக் கடைகள் சில நாள் பூட்டிக் கிடந்தன. பில் தொகை 6,850 ரூபாய். கடைசி நாளான 4-ஆம் தேதி திங்கட்கிழமை கையில் பணம் இல்லை. இரவல் வாங்கி 6-ஆம் தேதி காலையில் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். பெயர் கெட்டுவிட்டதா என்பதுதான் அவருடைய பயம்.

கெடவில்லை. நிலுவை மூன்று நாளைத் தாண்டினால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கவும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவறியதாகத் தெரிவிக்கவும் வேண்டும் என்று 2022 வழிகாட்டுதலில் விதி இருக்கிறது. இரண்டு நாள் அந்த எல்லைக்குள் அடங்கியது. ஆனால் நான்காவது நாளாகியிருந்தால் தாமதத்தை முதல் நாளிலிருந்தே எண்ணுவார்கள் என்பதையும், இது சலுகை அல்ல, தடுமாற்றத்துக்கான இடைவெளி மட்டுமே என்பதையும் அவருக்குச் சொன்னேன். வட்டி தப்பவில்லை. முழுத் தொகையும் கடைசி நாளுக்குள் வராததால், பொருள் வாங்கிய நாட்களிலிருந்து கணக்கிட்டு, வரியுடன் 368 ரூபாய் அடுத்த பில்லில் ஏறியிருந்தது. அதைக் கட்டும்போது அவர் முணுமுணுத்தார். எனக்கு அது மலிவான பாடமாகத் தோன்றியது.

கோளாறு அவருடைய ஒழுங்கில் இல்லை. கூலி வரும் நாளும் பில் கட்டும் நாளும் பொருந்தாததில் இருந்தது. பில் உருவாகும் தேதியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை அட்டைதாரருக்கு ஒரு முறையாவது தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் உதவி எண்ணில் பேசியவருக்கு இதை எடுத்துச் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. டிசம்பர் முதல் பில் 26-ஆம் தேதி உருவாகி, கட்ட வேண்டிய நாள் 15 ஆயிற்று. பத்தாம் தேதிக்குள் கூலி, பதினைந்துக்குள் பில். அதன் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

மதிப்பெண் வந்த பிறகு

புதிதாகக் கடன் கணக்கு தொடங்கியவருக்கு ஏறத்தாழ ஆறு மாதப் பதிவு சேர்ந்த பிறகுதான் மதிப்பெண் பிறக்கிறது. நவம்பரிலிருந்து மாதம் ஒரு முறை “வந்துவிட்டதா சார்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2025 மார்ச் இரண்டாம் வாரத்தில் என்.எச். போய் 738 என்ற எண் வந்தது. சிட்டையில் அந்த எண்ணைத் தேதியுடன் எழுதி வைத்தார்.

மே மாதம் அது 711 ஆகக் குறைந்தது. தவணை எதுவும் தவறவில்லை. ஆகவே ஏமாற்றப்பட்டதாகவே நினைத்தார். நடந்தது வேறு. அட்சய திருதியை ஏப்ரல் 30 அன்று வந்ததால் ஆர்டர்கள் குவிந்திருந்தன. மெருகு போடும் மோட்டார் பழுதாகி, 18,500 ரூபாய்க்குப் புதியதை அட்டையில் வாங்கினார். மற்றச் செலவுகளுடன் 26-ஆம் தேதி பில்லில் 20,200 ரூபாய் நின்றது. 24,000 வரம்பில் இது 84 சதவீதம். அவர் அதை மே 15-க்குள் முழுதாகக் கட்டிவிட்டார் என்பது உண்மை. ஆனால் வங்கிகள் தரவை அனுப்பும் நாளில் எவ்வளவு நிலுவை நின்றது என்பதையே கடன் தகவல் நிறுவனம் பார்க்கிறது. பிறகு கட்டியது அடுத்த தரவில்தான் தெரியும். வரம்பின் விளிம்பு வரை செலவு செய்கிறவர் நெருக்கடியில் இருப்பவராக மதிப்பிடப்படுகிறார். முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். 24,000 வரம்புக்கு அது 7,200 ரூபாய். சிறிய வரம்பு உள்ளவர்களுக்கு இருக்கும் தனிப்பட்ட கஷ்டம் இது: லட்ச ரூபாய் வரம்புக்காரருக்கு ஒரு மோட்டார் ஒரு பொருட்டே இல்லை, இவருக்கு அது மதிப்பெண்ணில் 27 புள்ளி.

தீர்வு எளிது. பெரிய செலவு வந்தால், பில் உருவாகும் 26-ஆம் தேதிக்கு முன்பே அதில் பெரும் பகுதியைக் கட்டிவிடுவது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தரவு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்ததால் திருத்தமும் முன்னைவிட விரைவில் ஏறியது. ஜூலையில் 746.

வீட்டுக் கடன்

செப்டம்பரில் அட்டைக்கு ஓராண்டு நிறைந்தது. அதே வங்கி, வைப்பு ஏதும் இல்லாமல் 60,000 ரூபாய் வரம்புள்ள அட்டையைத் தர முன்வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். பழைய அட்டையை மூடிவிட்டு வைப்பை எடுக்கலாமா என்று கேட்டார். வீட்டுக் கடன் விண்ணப்பம் முடியும் வரை வேண்டாம் என்றேன். அவருடைய கணக்குகளில் வயதுள்ளது அது ஒன்றுதான்.

இதற்கிடையே விதிகளின் பக்கத்திலும் ஒரு நகர்வு இருந்தது. முதல் முறையாகக் கடன் கேட்போரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டுமே நிராகரிக்கக் கூடாது என்று, 2025 ஜனவரி 6 தேதியிட்ட முதன்மை வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அந்த ஆண்டின் மழைக்காலக் கூட்டத்தொடரில் நிதி அமைச்சகம் இதை நாடாளுமன்றத்தில் சுட்டிக்காட்டியது. இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, “அப்படியானால் நாம் பட்ட பாடெல்லாம் வீணா சார்?” என்றார். வீணில்லை என்றே நான் கருதுகிறேன். வரலாறு இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாதே தவிர, வருமானம், திருப்பிக் கட்டும் திறன் ஆகியவற்றைப் பார்த்து மறுக்கும் உரிமை வங்கியிடமே இருக்கிறது. காட்ட ஒன்றும் இல்லாதவர் அந்த இடத்தில் மறுபடி நிற்கத்தான் வேண்டும்.

அக்டோபரில், முன்பு திருப்பி அனுப்பிய நிறுவனத்தை விட்டு வேறொரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் ஒன்பது லட்சத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே முதலில் கேட்கப்பட்டது மதிப்பெண் அல்ல, இரண்டு ஆண்டு வருமான வரி அறிக்கை. 2024 ஜூலையில் முதன்முறை அவர் என்னிடம் வந்ததே அதற்காகத்தான், சிறு தொழில்களுக்கான உத்தேச வருமான முறையான 44ஏ.டி. பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுகளுக்கும் தாக்கல் செய்திருந்தோம், வரி ஒரு ரூபாயும் வரவில்லை. அறிக்கையில் காட்டிய வருமானம் 2,84,000-மும் 3,10,000-மும். அந்த வருமானத்துக்கு ஒன்பது லட்சம் கூடாது, ஏழு லட்சம்தான் தர முடியும் என்றார்கள்; பத்து ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 9,250 ரூபாய். மீதிக்குச் சீட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

இணை விண்ணப்பதாரராக மனைவி கையெழுத்திட வேண்டியிருந்ததால் அவருடைய கடன் அறிக்கையும் எடுக்கப்பட்டது. இவ்வளவு காலமும் நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை: அவர்கள் தெருவில் வசிக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்த குழுவில் மனைவி 2017-லிருந்து மூன்று முறை குறுங்கடன் வாங்கி, வாரத் தவணையில் கட்டி முடித்திருந்தார். அடகுக் கடையைப் போல் அல்லாமல், குறுங்கடன் நிறுவனங்கள் ஒவ்வொரு தவணையையும் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. கணவருடைய பதிவு பதின்மூன்று மாதம். மனைவியுடையது ஏழு ஆண்டு. கோப்பைப் பார்த்த அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்து, “கார்டு நீங்களே கேட்டிருக்கலாமே” என்றார். “அவர்தான் சார் பட்டறை நடத்துகிறார்” என்று பதில் சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் கடன் அனுமதிக் கடிதம் வந்தது. 30,000 ரூபாய் வைப்பு இன்னும் அந்தக் கிளையிலேயே இருக்கிறது. மனைவியின் சங்கிலி, அஸ்திவாரக் கம்பிக்கு முன்பணம் கொடுப்பதற்காக, இந்த முறை வங்கி லாக்கருக்குள் நகைக்கடனாகப் போயிருக்கிறது.